விக்டோரியா ஹாலுக்கு வேன் பிடிக்கும் முன்

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்:

"ஐயா, நான் அன்னூர்ப் பக்கம் ஒரு ஊராட்சியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்து, கோவை மாநகராட்சி வடக்கு மண்டலத்தில் ஒரு லேஅவுட்டில் 11 வருஷமாகக் குடியிருக்கிறோம். இங்கே 22 சென்ட் ரிசர்வ் சைட் ஒன்று, லேஅவுட் போடும்போதே பொதுவுக்கென்று ஒதுக்கின இடம், இருக்கிறது. நாலு வேப்பமரம், பசங்கள் கிரிக்கெட் ஆட ஒரு பிட்ச், பெரியவர்கள் சாயங்காலம் உட்கார ஒரு சிமெண்ட் பெஞ்சு, அவ்வளவுதான். அங்கே குப்பை தரம் பிரிக்கிற ஷெட் வரப்போகிறதாம். இந்த மாச மன்றக் கூட்டத்தில் பாஸ் ஆகிவிடும் என்று தூய்மைப் பணி மேற்பார்வையாளர் சொன்னார். கவுன்சிலர் அம்மாவுக்குப் போன் போட்டால் அவர் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார், 'பார்த்துக்கலாம்' என்கிறார். எங்கள் ஊர் கிராம சபையில் எழுந்து நின்று தண்ணீர்த் தொட்டிக்காகச் சண்டை போட்டவள் நான். அதே மாதிரி மன்றக் கூட்டத்திலும் பேசலாமா? 60 குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, மன்றக் கூட்டம் நடக்கிற விக்டோரியா ஹாலுக்கு வரப்போகிறோம். சரிதானே?"

வணக்கம்ங்க அம்மிணி. வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

மன்றக் கூட்டத்தில் நீங்கள் பேச முடியாது. ஊரில் பேசிய நினைப்பில் கேட்கிறீர்கள், அதில் தப்பில்லை. கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள எல்லோரும் உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் அந்தச் சபை உங்களுடையது. மாநகராட்சி மன்றத்துக்கு உறுப்பினர்கள் கவுன்சிலர்கள் மட்டும்தான், கோவையில் 100 பேர். மேயர் தலைமை வகிப்பார். ஆணையர் உட்கார்ந்திருப்பார், விளக்கம் சொல்வார், அவருக்கே ஓட்டு கிடையாது. பொதுமக்கள் எழுந்து கேள்வி கேட்கிற நேரம் என்று ஒன்று நம் மன்றங்களின் வழக்கத்தில் இல்லை. வெளிநாட்டு நகரங்களில் மைக் முன் வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசுகிற வீடியோக்களை என் பேரன் காட்டுவான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பார்வையாளராக உட்கார்ந்து பார்க்கலாம். மன்றக் கூட்டம் ரகசியக் கூட்டம் இல்லை. ஆனால் யாரையும் வெளியே போகச் சொல்லும் அதிகாரம் தலைமை வகிப்பவருக்கு உண்டு, இடமும் குறைச்சல். இரண்டு மூன்று பேர் போவதாக இருந்தால் முதல் நாளே மாநகராட்சிச் செயலாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். 60 குடும்பம் வேனில் வந்து இறங்கினால் வாசலிலேயே போலீஸ் நிற்கும். மறுநாள் பேப்பரில் போட்டோ வரும், பொருள் பாஸ் ஆகியிருக்கும்.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், கொங்கு மண்டலத்தில் நாலைந்து ஊர்களில் மன்றப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அஜெண்டா தயாரிப்பதும் தீர்மானப் புத்தகம் எழுதுவதும்தான் என் பிழைப்பு. ஒரு நகராட்சியில், பேர் வேண்டாம், சந்தைக்கடை வாடகை விஷயமாகக் கடைக்காரர்கள் ஐம்பது பேர் மன்றத்துக்குள் வந்துவிட்டார்கள். ஒரே கூச்சல். எதிர்க்கட்சிக்காரர்கள் எழுந்து வெளிநடப்பு செய்தார்கள். தலைவர் மைக்கை இழுத்து, "பொருள் எண் 1 முதல் 63 வரை மன்றம் ஏற்கிறது" என்றார். மிச்சம் இருந்தவர்கள் மேஜையைத் தட்டினார்கள். மணியடித்துக் கூட்டம் முடிந்தது. வாடகைப் பொருள் 41ஆவது. அதை ஒரு ஆளும் படிக்கவில்லை. கூச்சல் இல்லாமல் இருந்திருந்தால், குறைந்தது இரண்டு உறுப்பினர்களாவது அதில் பேசுவதாக இருந்தார்கள். அன்றைக்குச் சத்தம் போட வந்தவர்கள் தலைவருக்கு உபகாரம் பண்ணிவிட்டுப் போனார்கள்.

கூட்டம் எப்படி நடக்கும் என்றால், தமிழ்த்தாய் வாழ்த்து, இரங்கல் தீர்மானம் இருந்தால் அது, அப்புறம் கவுன்சிலர்கள் வார்டுப் பிரச்சனை பேசுவார்கள். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டின ரோட்டை ஏன் மூடவில்லை, தெருவிளக்கு, நாய். இதிலேயே மதியம் ஆகிவிடும். பசி நேரத்தில்தான் அஜெண்டாவில் இருக்கிற பொருள்கள் வரும், மொத்தமாகப் போகும். "ஆல் பாஸ்" என்று நாங்கள் சொல்வோம். இதில் கட்சி வித்தியாசம் எதையும் நான் பார்த்ததில்லை.

அஜெண்டாவில் ஒரு பொருளின் கடைசி வரி என்ன சொல்கிறது என்று பாருங்கள். "மன்றத்தின் அனுமதிக்கு" என்றிருந்தால் இனிமேல்தான் முடிவு. "மன்றத்தின் பார்வைக்கு" என்றிருந்தால் தகவல் சொல்கிறார்கள். "மேயரின் முன் அனுமதி பெறப்பட்டுள்ளது, மன்றத்தின் பின்னேற்புக்கு" என்றிருந்தால் வேலை ஏற்கனவே ஆரம்பமாகியிருக்கலாம். மன்றம் கையெழுத்து மட்டும் போடுகிறது. உங்கள் ஷெட் இதில் எந்த வகை என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அஜெண்டா கவுன்சிலர் எல்லோருக்கும் முன்கூட்டியே போகும். உங்கள் கவுன்சிலர் தராவிட்டால் பக்கத்து வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள், எதிர்க்கட்சியாக இருந்தால் சந்தோஷமாகத் தருவார். கூட்டத்தன்று காலையில் மேஜையில் வைக்கிற கூடுதல் பொருள்களும் உண்டு. அவற்றை முன்னதாகப் பிடிப்பது எங்களுக்கே கஷ்டம்.

இப்போது என் தொழில் ரகசியத்துக்கு வருகிறேன். ஒரு பொருளின் தலையெழுத்து மன்றத்தில் எழுதப்படுவதில்லை. அதற்கு இரண்டு மாசம் முன்னால், மண்டல அலுவலகத்தில், ஒரு கோப்பில் எழுதப்படுகிறது. இளநிலைப் பொறியாளரோ சுகாதார ஆய்வாளரோ இடத்தைப் பார்த்துவிட்டு "ஆட்சேபணை ஏதும் இல்லை" என்று ஒரு வரி எழுதுவார். மதிப்பீடு போடுவார்கள். கோப்பு உதவி ஆணையர் மேஜைக்குப் போகும், மாநகர் நல அலுவலர் பார்ப்பார், நிலைக்குழுவில் வைப்பார்கள், அலுவலகக் குறிப்பு எழுதி மன்றத்துக்கு வரும். அந்த "ஆட்சேபணை ஏதும் இல்லை" என்ற வரியை யாராலும் எழுத முடியாதபடி செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் எழுத்து கோப்புக்குள் இருக்க வேண்டும்.

அதற்கு மனு. மனு என்றதும் நாலு பக்கம் எழுதி, முதல் பக்கம் முழுக்க "மாண்புமிகு" போட்டு அனுப்பாதீர்கள். ஒரு பக்கம் போதும். லேஅவுட் அனுமதி எண், சர்வே எண், எத்தனை சென்ட், என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு கோரிக்கை. கீழே கையெழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் கதவு எண்ணோடு. கதவு எண் இல்லாத கையெழுத்தை நாங்கள் மதித்ததே இல்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆணையர் பெயருக்கு எழுதி, மேயர், மண்டல உதவி ஆணையர், மாநகர் நல அலுவலர், உங்கள் கவுன்சிலர், செயலாளர் ஆகியோருக்கு நகல் போடுங்கள். கடைசியில் இந்த வரியைச் சேருங்கள்:

"மேற்படி இடம் தொடர்பான பொருள் மன்றத்தின் முன் வைக்கப்படும்போது, இம்மனுவையும் அதனுடன் இணைத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இந்த ஒரு வரி வந்துவிட்டால் எழுத்தருக்குச் சங்கடம். இணைக்காமல் விட்டால் நாளைக்கு நீதிமன்றத்தில் யாராவது கேட்பார்களோ என்று யோசிப்பார். இணைத்தால் குறிப்பில் "பொதுமக்களிடமிருந்து ஆட்சேபணை வரப்பெற்றுள்ளது" என்று எழுதியாக வேண்டும். அதைப் படிக்கிற எந்தக் கவுன்சிலருக்கும் பேச ஒரு காரணம் கிடைத்துவிடும். தபால் பிரிவில் கொடுத்து உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வீட்டுக்கு வரக்கூடாது. "வெச்சுட்டுப் போங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று யாராவது அன்பாகச் சொன்னால், அதே அன்போடு சீலைக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்தில் குறைதீர்க் கூட்டம் உண்டு. மேயர் கையில் நேராகக் கொடுக்க அது நல்ல இடம். உங்களுக்குப் பேசவும் அங்கே இரண்டு நிமிஷம் கிடைக்கும்.

மனு எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த ரிசர்வ் சைட் வரைபடத்தில் என்னவென்று போட்டிருக்கிறது? உங்கள் கடிதத்தில் இது இல்லை, ஆனால் எல்லாம் இதில்தான் நிற்கிறது. நாம் எல்லாவற்றையும் "ரிசர்வ் சைட்" என்றே சொல்லிவிடுகிறோம். லேஅவுட் வரைபடத்தில் "பூங்கா", "விளையாட்டு இடம்" என்று இருந்தால் ஒரு கதை, "பொது உபயோகம்" என்று இருந்தால் வேறு கதை. பூங்காவுக்கென்று ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் மாநகராட்சிக்குக் கொடுத்த இடத்தில் ஷெட் போட வருகிறார்கள் என்றால் உங்கள் கை பலமானது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை அங்கே குடியிருந்தவர்களே எதிர்த்து வழக்காடினார்கள். அப்படிக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திறந்தவெளி வழக்குகளில் வக்கீல்கள் இன்றைக்கும் முதலில் எடுத்து வைப்பது அந்தத் தீர்ப்பைத்தான். "பொது உபயோகம்" என்று இருந்தால் மாநகராட்சி ஏதாவது ஒன்று கட்ட அதிகாரம் பேசலாம். அப்போது "கட்டவே கூடாது" என்று நிற்பதைவிட "எதைக் கட்டுவது" என்று பேசுவதுதான் பிரயோஜனம்.

வரைபட நகல் பழைய குடித்தனக்காரர் யாரிடமாவது பத்திரத்தோடு இருக்கும். இல்லாவிட்டால் லேஅவுட் போட்டவரிடம், அல்லது நகரமைப்புப் பிரிவில் கேட்க வேண்டும். வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். வரைபடத்தில் பூங்கா என்று காட்டிவிட்டு, பத்திரமே எழுதிக் கொடுக்காமல் விட்ட லேஅவுட்கள் நம் பக்கம் உண்டு. அப்படி இருந்தால் மனுவின் கோரிக்கையே மாறும். முதலில் இடத்தை மாநகராட்சி பெயருக்கு வாங்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். கேளுங்கள், ஆனால் இந்த மாசக் கூட்டத்துக்கு அது உதவாது. பதில் தர 30 நாள் அவகாசம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தீர்மானத்தின் நகலும் அலுவலகக் குறிப்பும் கேட்டு இப்போதே போட்டு வைத்தால் பின்னால் பயன்படும். கோப்பையே நேரில் பார்க்க வேண்டும் என்றும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. இன்னொன்று: எந்தெந்த மன்றம், குழுக்களின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, எவற்றின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு பொது அமைப்பும் தானாகவே வெளியிட வேண்டும் என்று அதே 2005ஆம் வருஷச் சட்டத்தின் நாலாவது பிரிவு சொல்கிறது. அலுவலகத்தில் யாராவது "அதெல்லாம் வெளியாட்களுக்குக் காட்ட மாட்டோம்" என்றால் இதை மெதுவாக ஞாபகப்படுத்துங்கள்.

சரி, பேச வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு வருகிறேன். அதற்கும் ஒரு இடம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூனில் அமலுக்கு வந்தபோதே, 3 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் மாநிலத்தில் வார்டு தோறும் குழு, அதற்குக் கீழே பகுதி சபை என்று விதி வந்தது 2022இல். அந்த வருஷம் நவம்பர் 1 அன்றுதான் பகுதி சபைகள் முதல்முறையாகக் கூடின. பேப்பரில் "ஏரியா சபை" என்று எழுதுவார்கள். உங்கள் வார்டு பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். உங்கள் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்கள் அந்தச் சபையின் உறுப்பினர். எழுந்து பேசலாம், கோரிக்கையைப் பதிவு செய்யச் சொல்லலாம். ஊர் கிராம சபைக்குக் கிட்ட வருகிற சாதனம் நகரத்தில் இது ஒன்றுதான்.

அது ஒழுங்காக நடக்கிறதா என்றால், வார்டைப் பொறுத்தது. பல இடத்தில் கவுன்சிலருக்கு வேண்டிய பத்துப் பேர், ஒரு பேனர், ஒரு போட்டோ. பகுதி சபைப் பிரதிநிதியை நீங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலரேதான். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தமில்லை. ஆனாலும் கூட்டம் என்று ஒன்று நடந்து அதில் உங்கள் ஆட்சேபணை எழுத்தில் ஏறிவிட்டால், அதற்கு ஒரு மதிப்பு உண்டு. மண்டல அலுவலகத்தில் போய் "எங்கள் பகுதி சபைக்குச் செயலாளர் யார், அடுத்த கூட்டம் எப்போது" என்று எழுதிக் கேளுங்கள். கேட்பவர் வருகிறார் என்று தெரிந்தால் கூட்டம் கொஞ்சம் கூட்டம் மாதிரி நடக்கும்.

கவுன்சிலர் விஷயம். போன் வேண்டாம். காலையில் ஏழு மணிக்கு நாலு பெண்களாகச் சேர்ந்து அவர் வீட்டுக்குப் போங்கள். வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து "என்னன்னு சொல்லுங்க" என்பார். "அக்காகிட்டத்தானுங்க பேசணும்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுங்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் போட்டது வீட்டுக்காரர் போன் எடுப்பதற்காக இல்லை. அவரிடம் "பொருளைத் தோற்கடியுங்கள்" என்று கேட்காதீர்கள். ஆளும் கட்சி என்றால் அவரால் முடியாது, எதிர்க்கட்சி என்றால் எண்ணிக்கை போதாது. "ஒத்திவைக்கச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "வார்டு மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகு இந்தப் பொருளை எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு கவுன்சிலர் சொன்னால் மேயருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை, கவுன்சிலருக்கும் கட்சியில் திட்டு விழாது. என் தீர்மானப் புத்தகங்களில் "ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதிய எத்தனையோ பொருள்கள் மறுபடி திரும்பி வரவே இல்லை.

நகராட்சிக் கோப்பு மெதுவாக நகரும் என்று எல்லோரும் திட்டுகிறார்கள். சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்று அந்தக் காலக் கோவைப் பத்திரிகையாளர் நரசிம்மலு நாயுடு பேச்செடுத்தது 1880களின் கடைசியில். இரத்தினசபாபதி முதலியார், அதுதான் உங்கள் ஆர்.எஸ்.புரத்துக்குப் பேர் கொடுத்தவர், நகராட்சித் தலைவராக இருந்து பாடுபட்டு, தண்ணீர் வந்து சேர்வதற்குள் சுமார் 40 வருஷம் ஓடிவிட்டது. உங்களுக்கு வேண்டாத ஒன்று வருகிறபோது அந்த மெதுவே உங்கள் கூட்டாளி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் குப்பை யாருடையது? உங்கள் 60 வீட்டுக் குப்பையும் இன்றைக்கு லாரி ஏறி வெள்ளலூர்க் குப்பைக் கிடங்குக்குத்தான் போகிறது. அந்த ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காக நம் நாற்றத்தை மூக்கில் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தந்தப் பகுதியிலேயே தரம் பிரித்து உரமாக்க வேண்டும் என்ற ஏற்பாடே அதனால்தான் வந்தது. ஆகவே "இங்கே வேண்டாம்" என்று மட்டும் எழுதிய மனுவை அதிகாரி ஒருவர் ஓரமாக வைத்தால் அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். "இது வரைபடப்படி பூங்கா இடம். மெயின் ரோட்டுப் பக்கம் மாநகராட்சிக்குச் சொந்தமான இன்ன இடம் காலியாக இருக்கிறது, அங்கே போடலாம். எங்கள் 60 வீட்டிலும் மட்கும் குப்பையைத் தனியாகப் பிரித்துத் தருகிறோம்" என்று எழுதிப் பாருங்கள். மாற்று இடம் சொல்கிற மனுவைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் சும்மா இருக்க முடியாது, போய்ப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். எழுதும் வரை உங்கள் வேப்பமரம் நிற்கும்.

எல்லாம் செய்தும் தீர்மானம் பாஸ் ஆகிவிட்டால்? அதோடு முடியவில்லை. மன்றத் தீர்மானத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. நகராட்சி நிர்வாகத் துறைக்கு எழுதலாம். உயர் நீதிமன்றமும் இருக்கிறது. அங்கே போகும்போது கையில் சீல் வைத்த மனு நகல் இருக்கிறதா என்றுதான் வக்கீல் முதலில் கேட்பார்.

ஒன்றை மட்டும் சொந்த அனுபவத்திலிருந்து சேர்க்கிறேன். 2016 அக்டோபரிலிருந்து 2022 தேர்தல் முடிகிற வரை நகரங்களில் மன்றமே கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. அப்போதும் மாசாமாசம் "மன்றக் கூட்டம்" நடந்தது. ஏசி அறையில் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருப்பார், எதிரே நான் கோப்போடு நிற்பேன். அவர் கையெழுத்துப் போடுவார், நான் "மன்றம் அங்கீகரித்தது" என்று எழுதுவேன். வெளிநடப்பு இல்லை, கூச்சல் இல்லை, 20 நிமிஷத்தில் முடிந்துவிடும். எழுதுகிறவனுக்கு வசதிதான். ஆனால் அந்த ஐந்து வருஷத்துக்கும் மேலான காலத்தில் ஒரு பொருளைக்கூட "ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதின ஞாபகம் எனக்கு இல்லை.

வேன் காசு வசூலித்திருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டாம். வரைபட நகல், மனு ஜெராக்ஸ், வில்லை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய் தாண்டாது. திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த வரைபடத்தைத் தேடுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு ஒரு வரி போட்டால், மனுவில் கோரிக்கையை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.